64 ஜிபி கார்டைப் போட்டால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்கிறது! – கணினி கேள்வி பதில்

கேள்வி: பழைய ஆல்பம் டிசைன் மென்பொருளுக்காக எங்கள் ஸ்டுடியோவில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட லேப்டாப் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறோம். அதன் எஸ்டி ஸ்லாட்டில் 32 ஜிபி கார்டு நன்றாகத் திறக்கிறது. புதிய 64 ஜிபி கார்டைச் செருகினால், ‘டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யவா?’ என்று கேட்கிறது. கேமராவில் பார்த்தால் கல்யாணப் படங்கள் அப்படியே இருக்கின்றன. யூஎஸ்பி கார்டு ரீடர் வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: ‘நோ’ கொடுத்துவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். ‘யெஸ்’ கொடுத்தால் முகூர்த்தப் படங்களைத் தேடி மீட்கும் வேலையில் மாட்டிக்கொள்வீர்கள். யூஎஸ்பி ரீடர் வாங்க வேண்டாம். அதில் போட்டாலும் இதே கேள்விதான் வரும்.

உங்கள் ரீடர் கார்டைச் சரியாகவே பார்த்துவிட்டது. டிரைவ் எழுத்து வந்து, ஃபார்மட் கேள்வியும் வருவதே அதற்குச் சாட்சி. தடை அடுத்த படியில் இருக்கிறது. 32 ஜிபி வரையிலான எஸ்டிஹெச்சி கார்டுகள் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கும் முறையில் எழுதப்படுகின்றன. அதற்கு மேல் 2 டிபி வரை உள்ளவை எஸ்டிஎக்ஸ்சி. அவை எக்ஸ்ஃபேட் முறை. எக்ஸ்பி பிறந்தபோது எக்ஸ்ஃபேட் கிடையாது. அதனால் படங்கள் நிறைந்த கார்டு அதன் கண்ணுக்கு ஃபார்மட் ஆகாத கார்டாகத் தெரிகிறது.

அவசரத்துக்குக் கேமராவையே கேபிளில் லேப்டாப்புடன் இணையுங்கள். பிடிபி, எம்டிபி முறையில் படங்களை அனுப்பும் கேமராவாக இருந்தால் கார்டைப் படிக்கும் வேலை கேமராவுடையது. எக்ஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு வழி, எக்ஸ்பிக்காக 2009இல் வந்த கேபி955704 என்ற அப்டேட். எக்ஸ்பியின் திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 2 அல்லது 3 இருந்தால் அதை நிறுவி, ரீஸ்டார்ட் செய்தால் கார்டு திறக்கும். ஆனால் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. இதைத் தேடுகிறேன் என்று ஸ்டுடியோ லேப்டாப்பை இணையத்தில் விடாதீர்கள். கண்ட தளத்தில் இருந்தும் இறக்காதீர்கள்.

‘64 ஜிபி கார்டை ஃபேட்32 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சிலர் சொல்வார்கள். எக்ஸ்பியின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது என்பதால் வேறு மென்பொருள் தேவை. சிரமப்பட்டு மாற்றினாலும் அடுத்த நிகழ்ச்சிக்கு முன் கேமராவில் ஃபார்மட் செய்தவுடன் அது மறுபடி எக்ஸ்ஃபேட் ஆகிவிடும். வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. இந்த லேப்டாப் இருக்கும்வரை 64க்குப் பதில் இரண்டு 32 ஜிபி கார்டுகளாக வாங்குவதே நல்லது. ஒரு கார்டு கெட்டாலும் பாதிக் கல்யாணமாவது கையில் இருக்கும்.

கேள்வி: 2006 தொடக்கத்தில் வாங்கிய லேப்டாப், இப்போது விண்டோஸ் 7. 2 ஜிபி கார்டு திறக்கிறது. 16 ஜிபி போட்டால் சத்தமே இல்லை. டிரைவ் எழுத்துகூட வரவில்லை.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: மேலே உள்ளவருக்குப் பயன்படாத யூஎஸ்பி ரீடர் உங்களுக்குத்தான் மருந்து. 2 ஜிபி வரையிலான பழைய கார்டுகளில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி. 2006இல் வந்த எஸ்டிஹெச்சியில் 512 பைட் கொண்ட கட்டத்துக்கு ஒரு முகவரி. புதிய கார்டு முதலில் ‘உனக்கு இந்தக் கணக்கு தெரியுமா?’ என்று உறுதி செய்துகொள்ளும். பழைய ரீடர் ‘தெரியும்’ என்று சொல்லாததால் கார்டு ‘தயார்’ என்று பதில் தருவதே இல்லை. அதனால்தான் அந்த அமைதி. 2 ஜிபி திறப்பதால் ஸ்லாட்டின் பின்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சில லேப்டாப்களில் ரீடர் சிப்புக்குப் புதிய கணக்கு தெரியும்; அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் பழையதாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, லினக்ஸ் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலேயே பென் டிரைவில் இருந்து ஓடும் லினக்ஸ்) பூட் செய்து 16 ஜிபி கார்டைச் செருகுங்கள். அங்கே திறந்தால், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து லேப்டாப் நிறுவனத் தளத்தில் கார்டு ரீடர் டிரைவரை எடுத்துப் போடுங்கள். அங்கேயும் திறக்காவிட்டால், அந்த ஸ்லாட்டை 2 ஜிபி கார்டுகளுக்கு விட்டுவிடுங்கள்.

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி ரீடர் கிடைக்கும். உறையில் எஸ்டிஎக்ஸ்சி என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் கார்டையே எடுத்துப்போய்க் கடையிலேயே செருகிப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 தான் இருக்கும் என்பதால் 3.0 ரீடருக்குக் கூடுதல் பணம் கொடுத்தும் வேகம் அதிகரிக்காது. நொடிக்கு 30 எம்பி வந்தால் 16 ஜிபி முழுவதும் 9 நிமிடத்தில் இறங்கிவிடும்.

கேள்வி: நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிய 128 ஜிபி கார்டு, 119 ஜிபி என்று காட்டுகிறது. முதலில் ஏற்றியவை திறக்கின்றன. பிறகு ஏற்றியவை திறக்கவில்லை.
– வாசகர், பெரம்பூர்

பதில்: 119 என்பது சரியே, நிறுவனம் ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல். பின்னால் ஏற்றியவை கெடுவதுதான் கவலை. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும் கார்டு இப்படித்தான் நடந்துகொள்ளும். திறப்பவற்றை உடனே வேறிடத்துக்கு நகலெடுத்து, கார்டைக் காலி செய்து, ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கார்டையும் சோதியுங்கள். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதி முடிக்கவே ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடிக்கும். படித்துச் சரிபார்க்க இன்னும் நேரம் ஆகும். இறுதியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு தொலைந்தது என்று அது எண்ணிக்கையுடன் சொல்லும். போலி என்று தெரிந்தால் ‘நிஜமான அளவுக்குள் வைத்துக்கொள்ளலாம்’ என்றுகூட நினைக்காதீர்கள். அந்தக் கார்டில் படம் எடுக்க வேண்டாம்.