மகளின் பள்ளிக் கட்டணமும் கார்டு மாற்றும் பழக்கமும்

கேள்வி: நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 7,850 டாலர். வாடகை 2,700, 2022 மார்ச்சில் பிறந்த மகளின் தனியார் மழலையர் பள்ளிக்கு 2,250, வீட்டுச் செலவு 2,600, ஊரில் இருக்கும் மாமியாருக்கு 500, கோயில் வாசலில் தெரிந்த அங்கிள் ஒருவர் "சந்தை இறங்கினாலும் பணம் இறங்காது" என்று சொல்லி மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று விற்ற காப்பீட்டுத் திட்டத்துக்கு 400. பற்றாக்குறையைக் கிரெடிட் கார்டில் சமாளித்து, வட்டியில்லாத புதிய கார்டுக்கு நிலுவையை மாற்றிக்கொண்டே வருகிறோம். இரண்டே ஆண்டுகளில் கடன் 15,000 டாலரைத் தொட்டுவிட்டது. நகரப் பள்ளியில் சேர்க்கலாம் என்றால், நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் நாத்தனார் மகன் மாண்டிசோரியில் படிக்கும்போது நம் பிள்ளையை மட்டும் இலவசப் பள்ளியில் விடுவதா என்று மாமியார் வருந்துகிறார். இந்தக் கடனுக்கு இன்னொரு கார்டு எடுக்கலாமா? (2026 ஜனவரியில் வந்த கடிதம்)

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் கணக்கில் மாதம் 600 டாலர் குறைகிறது. இருபத்து நான்கு மாதங்களுக்கு அது 14,400. நிலுவையை மாற்றும்போதெல்லாம் வங்கி பிடித்துக்கொள்ளும் மூன்று முதல் ஐந்து விழுக்காடு கட்டணத்தையும் சேர்த்தால் நீங்கள் சொல்லும் 15,000 வந்துவிடுகிறது. ஆக, இது வட்டியால் வளர்ந்த கடன் அன்று. கட்ட முடியாத பள்ளிக் கட்டணம் மாதந்தோறும் வேறு பெயரில் கார்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வட்டியில்லாக் காலம் இருக்கிறதே என்ற நிம்மதிதான் இரண்டு ஆண்டுகளாக உங்களை அந்தக் கட்டணத்தைக் கேள்வி கேட்க விடாமல் வைத்திருக்கிறது.

நகரம் 2014இல் விரிவுபடுத்திய ப்ரீ-கே திட்டத்தில், அதாவது நான்கு வயதினருக்கான இலவச வகுப்பில், பள்ளியில் சேரும் நாட்காட்டி ஆண்டுக்குள் நான்கு வயது நிறையும் எந்தக் குழந்தைக்கும் வருமான வரம்போ குடியேற்ற நிலை பற்றிய கேள்வியோ இல்லாமல் கட்டணமற்ற முழுநாள் இடம் உண்டு. உங்கள் மகளுக்கு அது வரும் செப்டம்பரில் கிடைக்கும். மாமியாரிடம் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்: இந்த இடங்கள் அரசுப் பள்ளிக் கட்டடங்களில் மட்டும் இல்லை; நகரத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட சமூக அமைப்புகளும் தனியார் நிலையங்களும் இதே இடங்களை நடத்துகின்றன. நீங்கள் இன்று 2,250 டாலர் கட்டும் நிலையத்திலேயே அப்படிப்பட்ட வகுப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், அதே வாசலில் கட்டணமின்றி உள்ளே போகும் குழந்தையைப் பார்த்து மாமியார் வருந்துவதற்கு என்ன இருக்கிறது?

நகரப் பள்ளிச் சேர்க்கைக்கான மைஸ்கூல்ஸ் தளத்தில் பிப்ரவரி இறுதிக்குள் விண்ணப்பியுங்கள். பன்னிரண்டு இடங்கள் வரை வரிசைப்படுத்தலாம். முந்தி வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது. கிடைக்காது என்று பயந்து பிடித்த பள்ளியைக் கீழே தள்ளினால் நட்டம் உங்களுக்கே. கூடவே, இந்தக் கல்வியாண்டின் 3-கே வகுப்பில், அதாவது மூன்று வயதினருக்கான இலவச வகுப்பில், எங்கேனும் இடம் காலியாக இருக்கிறதா என்று நகரப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவும் குடும்ப வரவேற்பு மையத்தில் கேளுங்கள். கிடைத்தால் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இலவசம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வழக்கமான இடம் நாளொன்றுக்கு 6 மணி 20 நிமிடந்தான், கோடையில் கிடையாது. பத்து மணி நேரம் வரை, ஆண்டு முழுவதும் நடக்கும் இடங்களுக்கு வருமான வரம்பு இருப்பதால் உங்களுக்கு அது கிடைப்பது அரிது. எனவே மாலைப் பராமரிப்புக்கு மாதம் 700 வீதம் பத்து மாதங்களுக்கு 7,000, கோடை இரு மாதங்களுக்கு 3,800 என்று தாராளமாகவே ஒதுக்குவோம்: மொத்தம் 10,800. இப்போது ஆண்டுக்கு 27,000 கட்டுகிறீர்கள். மிச்சம் 16,200, மாதத்துக்கு 1,350. பற்றாக்குறை 600 போக 750 கையில் நிற்கும். மாலைப் பராமரிப்புக்கும் கோடைக்கும் ஆகும் செலவை, உங்கள் நிறுவனம் அனுமதித்தால், வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து பிள்ளைப் பராமரிப்புக் கணக்கில் ஒதுக்கலாம். 2026இலிருந்து அதன் உச்சவரம்பு குடும்பத்துக்கு 7,500 டாலர்.

இனி அந்த 400 டாலர் காப்பீடு. நீங்கள் பெயர் எழுதவில்லை. ஆனால் கோயில் வாசலில் தெரிந்த அங்கிள் ஒருவர் "சந்தை இறங்கினாலும் பணம் இறங்காது" என்று விற்றது என்கிற விவரணையை வைத்து, அது இன்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப், அதாவது சேமிப்புப் பகுதியின் வளர்ச்சி பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு, என்றே நினைக்கிறேன். கார்டில் கடன் வாங்கி வீடு நடத்தும் குடும்பத்துக்குக் விற்பவரின் கமிஷனும், இடையில் நிறுத்தினால் பிடிக்கும் சரண்டர் கட்டணமும் நிறைந்த இப்படியொரு திட்டத்தை விற்க எப்படித்தான் மனம் வருகிறதோ! இருவருக்கும் சாதாரண டேர்ம் காப்பீடு, அதாவது சேமிப்பு எதுவும் இல்லாமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உயிருக்கான காப்பு, கைக்கு வந்த பிறகு, இதை நிறுத்தினால் திரும்பக் கிடைக்கும் சரண்டர் மதிப்பை எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டியதில் பெரும்பகுதி போனாலும் நிறுத்திவிடுங்கள். டேர்ம் பிரீமியத்தை விட்டுப் பார்த்தால், உடனே நிறுத்தும்போது செப்டம்பர் வரையிலான பற்றாக்குறை மாதம் 200ஆகக் குறைந்து, கடன் 16,400 அளவில் நிற்கும். அதன்பின் மேலே சொன்ன 750உம் இந்த 400உம் சேர்த்து மாதம் 1,150 வீதம் அடைத்தால் ஒன்றேகால் ஆண்டு போதும்.

மாமியாருக்கு அனுப்பும் 500இல் நான் கை வைக்கவில்லை. இப்போதைய பள்ளியின் ஒப்பந்தத்தில் விலகல் அறிவிப்புக்கு எத்தனை நாள் கேட்டிருக்கிறார்கள், முன்பணம் திரும்புமா என்பதை இன்றே படித்து வைத்துக்கொண்டு, நகரத்தின் இடம் உறுதியான கடிதம் வந்த மறுநாளே எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள்.