பிட்ஸ் பலூ – கடிதம்

அன்புள்ள ஐயா,

'பிட்ஸ் பலூவின் வெள்ளை நரகம்' (1929) என்ற ஜெர்மன் மௌனப்படத்தைச் செல்பேசியில் பார்த்தேன். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பனிப்புயல் நீண்டுகொண்டே போனதால் இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டேன். நாயகி லெனி ரீஃபென்ஸ்டால் பின்னாளில் ஹிட்லருக்காகப் படமெடுத்தவர். இந்த மலைப்படங்களை நாம் ரசிக்கலாமா? எந்த இசையுள்ள பிரதி நல்லது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இசை உங்கள் விருப்பம். ரீஃபென்ஸ்டால் செய்ததை மறக்காமல் படத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். இவற்றின் மலை வழிபாட்டுக்கும் நாஜி மனநிலைக்கும் உள்ள உறவைப் பற்றி ஜெர்மன் திரைப்பட விமர்சகர் கிராக்காவர் 1947லேயே எழுதிவிட்டார், தேடிப் படியுங்கள். ஆனால் இரட்டை வேகமா? அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மௌனப்படங்களில் மனிதர்கள் கூப்பிடும் காட்சிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அங்கே வந்து தொட்டுவிட்டது. பனிப்பிளவில் மனைவியைப் பறிகொடுத்த டாக்டர் கிராஃப்ட், அந்த பிட்ஸ் பலூ மலையையே சுற்றிக்கொண்டிருப்பவர், இப்போது கால் உடைந்து ஓர் இளம் ஜோடியோடு பனிச்சுவரில் மாட்டிக்கொள்கிறார். கீழிருந்து யாராவது வருவார்களா? இதுதான் கதை, இவ்வளவுதான் கதை. காத்திருப்பதைப் பற்றிய ஒரு படத்தில் உங்களால் காத்திருக்க முடியாது என்றால் எதற்காக அதைப் பார்க்க உட்கார்ந்தீர்கள்?

பல வருடங்களுக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தில் இசையே இல்லாமல் இதைப் போட்டார்கள். மலையில் இருப்பவர்கள் வாய் திறந்து கூப்பிடுகிறார்கள், நமக்குக் கேட்கவில்லை, பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கும் கேட்காது. பார்ப்பவனும் கீழே ஒன்றும் கேட்காமல் நிற்கும் ஊர்க்காரனாகிவிடுகிறான். முன்வரிசையில் ஒரு அம்மா, "யாராவது போய்ப் பாருங்களேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பேசும் படத்தில் இது நடக்காது. அங்கே அலறல் நம் காதுக்கு வந்துவிடும், மலைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தூரம் போய்விடும்.

அப்புறம், நீங்கள் ஓட்டித் தள்ளிய அந்தப் பனி செட் போட்டு எடுத்தது இல்லை. படத்துக்கு இரண்டு இயக்குநர்கள்: நடிகர்களைப் பாப்ஸ்ட் பார்த்துக்கொள்ள, மலையை எடுத்தவர் ஆர்னால்ட் ஃபாங்க், நிலவியல் படித்தவர். சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைகளுக்கே போய், பனிச்சறுக்கு தெரிந்த ஒளிப்பதிவாளர்களை வைத்து எடுத்தார். தேடிப்போகிறவர்கள் இரவில் தீப்பந்தங்களோடு பனிப்பிளவுக்குள் இறங்கும் காட்சிக்கு மக்னீசியம் கொளுத்தித்தான் வெளிச்சம். அந்தக் குளிரில் நின்றவர்களுக்கு இரட்டை வேகம் கிடையாது, ஆர்.

சரி, இன்னொரு முறை பாருங்கள். செல்பேசியே போதும், அதன் சொந்த வேகத்தில். அடுத்து ஃபாங்கின் 'புனித மலை' (1926). அதில் கதை இதைவிட பலவீனம், இருந்தாலும் பனிச்சறுக்குப் போட்டிக்காகவே பார்க்கலாம்.