இன்ஸ்டாவில் கூட்டம் இருக்கும்போது வெப்சைட் எதற்கு? மலைத் தொழில்களுக்கான கேள்வி-பதில்

கோத்தகிரியில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். இன்ஸ்டாவில் நல்ல கூட்டம். வெப்சைட்டுக்குத் தனியாகச் செலவழிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். இன்ஸ்டாவையும் விடாதீர்கள், ஆளைக் கூட்டிவருவது அதுதான். ஆனால் வருகிறவர் கேட்கும் விவரம் அங்கே தங்காது. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) வந்தது. அதைப் பற்றி அன்று நீங்கள் போட்ட பதிவு இன்று எங்கோ அடியில் கிடக்கும். அதன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். சொந்த சைட்டில் 'எப்படி வருவது' என்று ஒரு பக்கம் வைத்திருந்தால், விதி மாறும் அன்று ஒரு வரியைத் திருத்தினால் போதும். முன்பு யாருக்கு அந்த லிங்க்கை அனுப்பியிருந்தாலும் புது விவரமே திறக்கும்.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது? மேட்டுப்பாளையத்தில் குன்னூர் ரோட்டில் ஏறாமல் கோத்தகிரி ரோட்டில் திரும்ப வேண்டும் என்பது, மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பாதையில் தாழ்வான கார் அடி தட்டுமா, எத்தனை வண்டி நிறுத்தலாம், வெந்நீர் எத்தனை மணி வரை, எந்த சிம்முக்கு சிக்னல் கிடைக்கும். தினமும் வாட்ஸ்அப்பில் நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும் அதே பதில்கள்தான்.

இன்னொன்று, இந்தத் தளங்கள் உங்கள் கையில் இல்லை. 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒன்றாக முடங்கின. டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் தடையானபோது அதில் சேர்த்த கூட்டமும் கையைவிட்டுப் போயிற்று.

குன்னூரில் பேக்கரி. கூகுள் மேப்பில் கடை வருகிறது. அது போதாதா?

வர்க்கி வாங்க வழி தேடுகிறவருக்குப் போதும். ஆனால் மேப்பில் கடையைக் காட்டும் அந்தக் கணக்கோடு கூகுள் இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் அதுவே மூடிவிட்டது. பாக்கெட்டில் அச்சடிக்கும் முகவரி உங்கள் சொந்த டொமைனாக (உங்கள் பெயரில் பதிவான இணைய முகவரி) இருக்கட்டும்.

கொடைக்கானலில் கடை. சைட் செய்து கொடுத்தவர் போனே எடுப்பதில்லை. இப்போது சைட்டும் திறக்கவில்லை.

மலையில் அதிகம் நடக்கும் தவறு இது. டொமைன் வேறு, ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்) வேறு. ஹோஸ்டிங் போனால் சைட்டைத் திரும்பக் கட்டிவிடலாம். டொமைன் போனால் பெயர்ப்பலகையே போன மாதிரி.

முதலில் ஹூஇஸ் (WHOIS) என்ற டொமைன் பதிவு விவரத் தேடலில் டொமைனைப் போட்டுப் பாருங்கள். எந்த நிறுவனத்தில் பதிவானது, எந்தத் தேதியில் காலாவதி என்று காட்டும். தேதி கடந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பொதுவாகச் சில வாரம் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம்; அதன்பின் மீட்புக் கட்டணம் பல மடங்கு; அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பணம் கட்டிய ரசீதோடு அந்தப் பதிவு நிறுவனத்தையே நேரடியாகத் தொடர்புகொள்ளுங்கள்.

கைக்கு வந்ததும் கணக்கை உங்கள் பெயருக்கும் உங்கள் செல் எண்ணுக்கும் மாற்றி, பல வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள். பத்து வருடம் வரை முடியும். பதிவு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும். எச்சரிக்கையும் வராது, பாஸ்வேர்டையும் மீட்க முடியாது.

சைட் திறந்து, 'பாதுகாப்பற்றது' என்று மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் (சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான இணைப்பைப் பாதுகாப்பது) புதுப்பிக்கப்படாமல் நின்றிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை ஹோஸ்டிங்கில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் விற்கிறோம். சைட் திறக்க நேரமாகிறது என்கிறார்கள்.

செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். ஒரு படமே நான்கு எம்.பி. வரும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சிறிய அளவுப் பட வடிவில் 150 கே.பி.க்குள் கொண்டுவாருங்கள். விலைப்பட்டியலையும் படமாகப் போடாமல் எழுத்தாக அடியுங்கள். விலை மாறும்போது திருத்துவது சுலபம், தேடலிலும் சிக்கும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் வளைவில் நின்று திறந்து பாருங்கள். மூன்று நொடிக்குள் போன் பட்டனும் விலையும் தெரிய வேண்டும்.