வார்டோவுக்கு வாற தங்கச்சிக்கு, குளிரையும் கரடியையும் பற்றி

தங்கச்சி, கலியாணம் முடிச்சு நவம்பரில நோர்வேயின்ர வடகிழக்கு மூலையில இருக்கிற வார்டோவுக்கு வாறன், மைனஸ் 40 குளிராமே, பனிக்கரடி ஊருக்குள்ள வருமாமே, அங்க மனுசர் எப்பிடி இருக்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள். நான் தொண்ணூறுகளில மீன் ஃபக்டரி வேலைக்கு இந்தப் பக்கம் வந்த ஆள், அப்ப கூட இருந்த எங்கட சனம் கனபேர் ஒஸ்லோ, பேர்கன் எண்டு போயிட்டுதுகள், நான் போகேல்லை, எனக்கு இந்த இடம் பிடிச்சிட்டுது.

முதல்ல கரடி. பனிக்கரடி ஸ்வால்பார்ட் தீவுகளிலதான், அது கடல் தாண்டி எங்கயோ வடக்கில, இங்க இல்லை. அந்தப் பயத்தை விடுங்கோ.

குளிரும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. மைனஸ் 40 எல்லாம் உள்நாட்டுப் பக்கம், கராஷோக், கவுத்தோகெய்னோ. கராஷோக்கில 1886ல மைனஸ் 51.4 பதிவாகியிருக்கு. எங்கட கரையில சூடான கடல் நீரோட்டம் வாறதால துறைமுகம் உறையாது, மாரியில அனேகமா மைனஸ் 5 சுத்தித்தான் நிக்கும். ஆனா காத்து! மைனஸ் 5ல அந்தக் காத்தடிச்சா முகம் விறைச்சுப் போகும், அதால விலை கூடின பெரிய ஜக்கெட்டை விட உள்ளுக்கு கம்பளி, வெளியில காத்துப் புகாத உடுப்பு, சப்பாத்துக்குக் கீழ கொழுவுற ஆணி, உடுப்பில வெளிச்சம் பட்டா மின்னுற ரிஃப்ளெக்ஸ், இதுதான் முக்கியம். பருத்தி வேண்டாம், வேர்த்து நனைஞ்சா பிறகு காயாது.

உண்மையில பெரிய விசயம் இருட்டு. நீங்கள் வந்து கொஞ்ச நாளில சூரியன் போயிடும், ஜனவரி 20 மட்டிலதான் திரும்ப வரும். மத்தியானத்தில ரெண்டு மூண்டு மணித்தியாலம் நீலமா ஒரு வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்தில ஒவ்வொரு நாளும் வெளியில நடவுங்கோ, அலுப்பா இருந்தாலும் நடவுங்கோ. வீட்டுக்குள்ள திரைச்சீலையை மூடிப்போட்டு ஊருக்கு ஃபோன் கதைச்சுக்கொண்டே மாரியைக் கழிச்ச பிள்ளையள் கனபேர் உடைஞ்சு போனதைப் பாத்திருக்கிறன், அதாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன். மீன் எண்ணெயும் ஒரு கரண்டி குடியுங்கோ, இங்க எல்லாரும் குடிக்கிறது. சூரியன் முழுசாத் தெரியிற நாள் இங்கத்தைக் கோட்டையில பீரங்கி சுடுவினம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு லீவு, ஊரே சந்தோசமா இருக்கும்.

வத்சோ பக்கம் போற ரோட்டு பனிப்புயலில மூடுப்படும், இல்லாட்டி பனி தள்ளுற வாகனத்துக்குப் பின்னால வரிசையா விடுவினம். எண்ணெய் நிரப்பி, போர்வை, சாப்பாடு வைச்சுக்கொண்டுதான் வெளிக்கிடவேணும். ரோட்டில ரெய்ன்டீர் மான் நிக்கும், ஒண்டு கடந்தா பின்னால இன்னும் வரும் எண்டு நினைச்சு மெதுவாப் போங்கோ, தப்பித்தவறி அடிபட்டா பொலிசுக்கு அறிவிக்கவேணும். அதுகள் காட்டு மான் இல்லை, ஒவ்வொண்டுக்கும் சொந்தக்காரர் இருக்கினம், காதில வெட்டின அடையாளத்தில ஆரின்ர மான் எண்டு தெரியும். இந்த மானுகளை வளர்க்கிற சாமி எண்ட இங்கத்தைப் பூர்வீகக் குடி ஆக்களோட பழகக் கிடைச்சா நல்லாப் பழகுங்கோ, ஆனா எத்தினை மான் வைச்சிருக்கிறியள் எண்டு மட்டும் கேக்காதேங்கோ, அது எங்கட ஆக்களிட்ட வீட்டில எத்தினை பவுண் நகை இருக்கு எண்டு கேக்கிற மாதிரி. பெப்ரவரி 6 அவையின்ர தேசிய நாள், வடிவான உடுப்பு உடுத்து பிடோஸ் எண்டு மான் இறைச்சிக் குழம்பு காய்ச்சுவினம், கூப்பிட்டா கட்டாயம் போங்கோ.

மார்ச்சில அல்த்தாவில இருந்து நாய் வண்டிப் போட்டி, 1981ல தொடங்கினது, பெரிய ஓட்டம் கிர்க்கனெஸ் வரைக்கும் வந்து திரும்பும், நாயள் காலுக்குச் சின்னச் சொக்ஸ் போட்டு ஓடுறதை ஒருக்காப் பாக்கவேணும். அதுக்குப் பிறகு முன்னுக்கு இருக்கிற ஹோர்ணோயா தீவுக்குக் கடல் பறவையள் ஆயிரக்கணக்கில வந்து சேரும், படகில கொஞ்ச நேரம்தான்.

உங்கட அளவைச் சொல்லுங்கோ, கம்பளி உடுப்பு ரெண்டு சோடி என்னட்டப் புதுசா இருக்கு, ஊரில இருந்து ஸ்வெட்டர் வாங்கிக் காசைக் கொட்டாதேங்கோ.