ஓவர்லோடு விளக்கு எரிந்தால் பொட்டென்ஷியோஸ்டாட்டைக் குறை சொல்லும் முன்

கேள்வி: ஆய்வு மாணவன் நான். பொட்டென்ஷியோஸ்டாட் கருவியை வைத்து, 0.1 மோலார் சோடியம் பெர்குளோரேட் கரைசலில் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) செய்கிறேன். மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு வெள்ளி/வெள்ளி குளோரைடு. உள்ளே 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. ஆரம்பத்தில் நன்றாக வந்தது. இப்போது செல்லை (கரைசலும் எலக்ட்ரோடுகளும் உள்ள அமைப்பை) ஆன் செய்ததுமே ஓவர்லோடு விளக்கு எரிகிறது. வரைகோடு முழுக்க நடுக்கம். கரைசலுக்குப் பதில் மின்பாகங்கள் மட்டுமே உள்ள டம்மி செல்லில் போட்டால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. கருவியை சர்வீசுக்கு அனுப்பிவிடலாமா? அதற்குள் என்னதான் நடக்கிறது?

பதில்: அனுப்ப வேண்டாம். டம்மி செல்லில் ஒழுங்காக ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. பழுது பெரும்பாலும் உங்கள் பீக்கருக்குள்தான், அதிலும் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடின் நுண்துளை நுனியில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கருவியின் உள்வேலை தெரிந்தால் புரிந்துவிடும்.

மென்பொருளில் 0.5 வோல்ட் என்று போட்டால், கருவி அதை, நாம் ஆராயும் வினை நடக்கும் வொர்க்கிங் எலக்ட்ரோடில் நேராகக் கொண்டுபோய் வைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல கருவிகளில் வொர்க்கிங் எலக்ட்ரோடு எப்போதுமே கிட்டத்தட்ட பூஜ்ய வோல்ட்டில்தான் இருக்கும். கருவி தன் விருப்பத்துக்கு ஆட்டிவைக்கக்கூடியது மூன்றாவதான கவுண்டர் எலக்ட்ரோடு ஒன்றைத்தான். அதன் வழியாகக் கரைசலுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. ரெஃபரன்சுக்கும் வொர்க்கிங்குக்கும் இடையிலான வித்தியாசம் 0.5 வோல்ட் ஆகும்வரை தள்ளுகிறது. ஆனபின் அங்கேயே பிடித்து நிறுத்துகிறது. இந்தப் பிடித்து நிறுத்தும் வேலையை ஒரு காலத்தில் ஆள் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கையால் திருகிச் செய்ய வேண்டியிருந்தது. அதைத் தானாகச் செய்யும் சுற்றை 1942இல் வெளியிட்டு, அதற்கு பொட்டென்ஷியோஸ்டாட் என்று பெயரும் வைத்தவர் இங்கிலாந்தின் லெஸ்டரில் பணியாற்றிய ஆர்ச்சி ஹிக்லிங்.

இன்றைய கருவியில் அந்த வேலையைச் செய்வது கன்ட்ரோல் ஆம்ப்ளிஃபயர். நீங்கள் கேட்ட வோல்ட் ஒரு பக்கம் வரும். ரெஃபரன்ஸ் சொல்லும் வோல்ட் மறுபக்கம் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் துளியாக இருந்தாலும் அதைப் பல்லாயிரம், லட்சம் மடங்கு பெருக்கி கவுண்டரை அசைக்கும். ஆனால் அதன் பலத்துக்கு எல்லை உண்டு. சாதாரண ஆய்வகக் கருவிகளில் 10, 12 வோல்ட் அளவில் நின்றுவிடும். கவுண்டருக்கும் வொர்க்கிங்குக்கும் நடுவே கரைசலின் தடை 2 கிலோ ஓம், ஓட வேண்டியது 10 மில்லி ஆம்பியர் என்றால் 20 வோல்ட் தேவை. 12 வோல்ட் கருவியால் அது முடியாது, விளக்கு எரியும்.

ரெஃபரன்ஸ் சொல்வதைக் கேட்டுச் சொல்வது எலக்ட்ரோமீட்டர். அதன் உள்ளீட்டுத் தடை லட்சம் கோடி ஓம் அளவுக்கு இருக்கும். ரெஃபரன்ஸ் வழியாக மின்னோட்டம் ஓடினால் அதன் மின்னழுத்தமே நகர்ந்துவிடும், அப்புறம் அதை நம்பி எதையும் அளக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு தடை, அதனால்தான் மின்னோட்டத்தைச் சுமக்கத் தனியாக ஒரு கவுண்டர்.

வொர்க்கிங்கில் வந்து சேரும் மின்னோட்டம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போய் வோல்ட்டாக மாறும். 1 மில்லி ஆம்பியர் 1 கிலோ ஓமில் 1 வோல்ட். ரேஞ்சை மாற்றும்போது உள்ளே மாறுவது இந்த ரெசிஸ்டர்தான். ரேஞ்ச் சின்னதாக இருந்தாலும் ஓவர்லோடு வரும். ஆகவே கருவி காட்டுவது மின்னோட்ட ஓவர்லோடா, வோல்டேஜ் ஓவர்லோடா என்று முதலில் பாருங்கள்.

சரி, நுனி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நல்ல ரெஃபரன்சின் தடை சில கிலோ ஓம்தான். அடைப்பு ஏறியபின் 500 கிலோ ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேபிளுக்கென்று 100 பிகோஃபாரட் கொள்ளளவு இருந்தால், இரண்டும் சேர்ந்து 50 மைக்ரோ நொடி தாமதம் தருகின்றன. ஆம்ப்ளிஃபயர் அதைவிட வேகமாக வேலை செய்யக்கூடியது. 'போதும்' என்ற தகவல் வந்து சேர்வதற்குள் அதிகமாகத் தள்ளியிருக்கும். உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும். அங்கேயும் அளவு தாண்டும். உங்கள் வரைகோட்டில் தெரியும் நடுக்கம் இதுதான். முழுதாக அடைத்துவிட்டால் இன்னும் மோசம். தகவலே வராததால் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லைவரை போய், 12 வோல்ட் முழுவதையும் செல்லின் மேல் போட்டுவிடும். வொர்க்கிங்கின் மேல் பாடுபட்டுப் படலம் ஏதாவது படியவைத்திருந்தால் அது அந்த நொடியிலேயே போய்விடும். செல் ஆனில் இருக்கும்போது ரெஃபரன்ஸ் கிளிப்பைக் கழற்றாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டம்மி செல்லில் இருப்பது வெறும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். அடைப்பதற்கு அதில் நுனி ஏது?

உறுதி செய்துகொள்ள, செல்லை ஆஃப் செய்துவிட்டு ரெஃபரன்ஸ் கிளிப்பைக் கவுண்டரோடு சேர்த்து மாட்டுங்கள். சின்ன வோல்ட் கொடுத்து ஆன் செய்யுங்கள். நடுக்கமும் விளக்கும் போய்விட்டால் குற்றவாளி ரெஃபரன்ஸ்தான். இந்த அமைப்பில் வரும் வோல்ட் அளவுகளுக்கு அர்த்தம் இல்லை. சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நுனிக்குள் காற்றுக்குமிழி நின்றாலும் இதே தொல்லை வரும். எலக்ட்ரோடை நேராகப் பிடித்து விரலால் மெல்லத் தட்டினால் குமிழி மேலேறிவிடும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் குமிழியைவிட உப்பைத்தான் சந்தேகிக்கிறேன். பொட்டாசியம் பெர்குளோரேட் குளிர்ந்த நீரில் மிகக் குறைவாகவே கரையும். உள்ளிருந்து கசியும் பொட்டாசியமும் வெளியிலுள்ள பெர்குளோரேட்டும் நுனியின் நுண்துளைகளில்தான் சந்திக்கின்றன. அங்கேயே வெள்ளையாகப் படிந்து, நாளாக ஆகத் துளைகளை மூடிவிடும். ஆரம்பத்தில் நன்றாக இருந்தது பிறகு கெட்டதற்கு இது அப்படியே பொருந்துகிறது. நுனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பாருங்கள், சூட்டில் அந்த உப்பு கூடுதலாகக் கரையும். தெளியவில்லை என்றால் நுனியை மாற்றிவிடுங்கள். அப்புறம் உள்ளே பொட்டாசியம் குளோரைடுக்குப் பதில் 3 மோலார் சோடியம் குளோரைடு ஊற்றுங்கள். சோடியம் பெர்குளோரேட் தாராளமாகக் கரையும் என்பதால் படிவு வராது. மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மாறலாம். பழைய அளவுகளோடு ஒப்பிட வேண்டியிருக்கும். எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.