சைல்ட் பெனிபிட் நின்றுவிட்டது, விட்டுவிடுவதா?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. இருவரும் இங்கேதான் பிறந்தார்கள். கணவர் தொழிற்சாலையில் வருடத்துக்கு 36,000 டாலர் அளவில் உழைக்கிறார். எனக்கு வேலை இல்லை, அதனால் இந்த முறை நான் வரி பைல் பண்ணவில்லை, அதாவது வருடாந்த வரிக் கணக்கை அரசுக்கு அனுப்பவில்லை. பிள்ளைகளுக்காக அரசு மாதாமாதம் தந்த சைல்ட் பெனிபிட் பணம் 2025 ஜூலையிலிருந்து நின்றுவிட்டது. "அது வெல்பெயர், அரசின் சமூக உதவிப் பணம் மாதிரி. எடுத்தால் பிறகு அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்ய முடியாது" என்கிறார் ஒரு உறவுக்காரர். நான் பகுதிநேர வேலைக்குப் போனாலும் வெட்டிவிடுவார்களாம். விட்டுவிடலாமா?

பதில்: விடவே வேண்டாம், சகோதரி. உங்கள் கணக்கில் அது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை, 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உச்சத் தொகை 7,997 டாலர். 6 முதல் 17 வயது வரை 6,748. குடும்ப வருமானம் 37,487 டாலரைத் தாண்டாதவரை முழுத் தொகையும் உண்டு. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 14,745 டாலர், அதாவது மாதம் 1,228 டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஒன்ராறியோ மாகாணம் தரும் பிள்ளைக் கொடுப்பனவும் இதோடு சேர்ந்துதான் வரும். இதற்கு வரியும் கிடையாது.

நின்றதற்குக் காரணம் நீங்கள் பைல் பண்ணாததுதான். ஒவ்வொரு ஜூலையிலும் முந்தைய வருட வரிக் கணக்கைப் பார்த்துத்தான் தொகையைத் தீர்மானிக்கிறார்கள். கணவன், மனைவி இருவருமே பைல் பண்ண வேண்டும். உழைப்பே இல்லாவிட்டாலும் வருமானம் என்ற இடத்தில் பூச்சியம் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பூச்சியம் போய்ச் சேராததால்தான் பணம் நிற்கிறது. இப்போது அனுப்பினாலும், ஜூலையிலிருந்து நின்றதை மொத்தமாகத் தருவார்கள். காசு கொடுத்து ஆள் பிடிக்கவும் தேவையில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தொண்டர்கள் இலவசமாக வரி பைல் பண்ணித் தரும் இடங்கள் இருக்கின்றன, பக்கத்து நூலகத்திலோ சமூக நிலையத்திலோ விசாரியுங்கள். கனடா பற்சிகிச்சைத் திட்டத்துக்கும் இருவரின் வரிக் கணக்கையும் பார்க்கிறார்கள். கணவரின் வேலையில் பல் காப்புறுதி இல்லையென்றால் பைல் பண்ணியதும் அதற்கும் விண்ணப்பியுங்கள்.

உறவுக்காரர் சொன்னது பிழை. சைல்ட் பெனிபிட் வெல்பெயர் அல்ல. அதை எடுப்பதால் அம்மாவை ஸ்பொன்சர் செய்யும் தகுதி போகாது, குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பாதிப்பில்லை. ஸ்பொன்சருக்கு வேண்டிய குடும்ப வருமானம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு நீங்கள் வேலைக்குப் போவதுதான் உதவும்.

வேலைக்குப் போனால் வெட்டுவார்கள் என்பதில் பாதி உண்மை. நீங்கள் 10,000 டாலர் உழைத்தால் குடும்ப வருமானம் 46,000 ஆகும். 37,487க்கு மேலே போகும் தொகையில், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 13.5 சதவீதம் குறைப்பார்கள். வருடத்துக்கு ஏறத்தாழ 1,150 டாலர் குறையும், மாகாணத் தொகையும் கொஞ்சம் இறங்கும். வரியும் போகட்டும், அப்படியும் கையில் நிற்பது அதிகம்தான். தயங்காமல் போங்கள். கைக்காசாக வாங்கி மறைக்க மட்டும் வேண்டாம், பிறகு கண்டுபிடித்தால் பெனிபிட்டையே திருப்பிக் கேட்பார்கள்.

சைல்ட் பெனிபிட் திட்டம் 2016 ஜூலையில் வந்தது. பிள்ளைகளின் வறுமையைக் குறைக்கவென்றே, பழைய கொடுப்பனவுகளை ஒன்றாக்கி, குறைய உழைப்பவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்படி மாற்றினார்கள். 2015இல் கனடாவில் 16.3 சதவீதப் பிள்ளைகள் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2020இல் அது 4.7 ஆனது. கோவிட் கால உதவியும் அதில் சேர்ந்திருந்தது. அந்த உதவி நின்று, விலைவாசியும் ஏற, 2022இல் 9.9க்குத் திரும்பிவிட்டது. நேரே வீட்டுக்குப் பணம் போனால் வறுமை குறையும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் மிகவும் தேவைப்படும் வீடுகள்தான் ஒரு படிவத்தால் விடுபட்டுப்போகின்றன. வருமானமில்லாத தாய்க்கு அரசே கணக்கை நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிலுவைப் பணம் வந்ததும் சீட்டில் போடச் சொல்லி யாராவது வருவார்கள். கிரெடிட் கார்டில் 20 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அடையுங்கள். பிள்ளைகளுக்குக் குளிர் ஜாக்கெட்டும் சப்பாத்தும் வாங்குங்கள், அந்தப் பணம் அதற்காகத்தான் வருகிறது.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளைகள் பெயரில் ஆர்.ஈ.எஸ்.பி. என்ற கல்விச் சேமிப்புக் கணக்குத் திறந்தால், குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அரசு அதில் 'லேர்னிங் பொண்ட்' என்ற படிப்புப் பணம் தருகிறது. முதலில் 500 டாலர், பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடமும் 100, பிள்ளைக்கு 15 வயதுவரை, மொத்தம் 2,000. நீங்கள் ஒரு சதமும் போடத் தேவையில்லை, கடந்துபோன வருடங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள். இதுவரை எல்லா வருடமும் வருமானம் இதே அளவென்றால் மகளுக்கு 1,400, மகனுக்கு 900 டாலர் அளவில் காத்திருக்கிறது. பிள்ளைகளின் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்தோடு வங்கிக்குப் போய், லேர்னிங் பொண்ட் எடுத்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள், எல்லா நிறுவனங்களும் செய்வதில்லை. வீட்டுக்கே வந்து, மாதம் இவ்வளவு கட்டியே ஆகவேண்டும் என்று குழு ஆர்.ஈ.எஸ்.பி. திட்டம் விற்பவரிடம் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அவற்றில் சேர்வதற்கே கட்டணம் உண்டு, இடையில் நிறுத்தினால் அது திரும்பி வராது.