ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் சிக்கல் கூடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தபோது பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தில் அடிபட்டுவிட்டது. வயிற்றில் டியூப் வைத்திருக்கிறார்கள், தினமும் பித்தநீர் வடிகிறது. நாளத்தைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனை 2, 3 மாதம் கழித்துத்தான் செய்வோம் என்கிறார்கள். சிக்கல் கூடிவிடாதா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: இல்லை, பெரும்பாலும் குறையும். அடிபட்ட அன்றே தெரிந்து, கைதேர்ந்த சர்ஜனும் பக்கத்தில் இருந்தால் உடனே சரிசெய்வது உண்டு. பிறகு தெரியவந்தால் கதை வேறு. பித்தநீர் கசிந்து தேங்கிய இடம் புண்ணாகி வீங்கிக் கிடக்கும், நாளமும் சில மில்லிமீட்டர் அகலம்தான், அதில் அவசரப்பட்டுத் தையல் போட்டால் பிடிக்காமல் மறுபடி கசியும், அல்லது சில மாதமோ சில வருடமோ கழித்து இணைத்த இடம் சுருங்கிக் காமாலை வரும். இப்படிச் சுருங்கிவிட்டால் அடுத்த ஆபரேஷன் இன்னும் கஷ்டம், அதனால் முதல் தடவையே சரியாக அமைவது ரொம்ப முக்கியம்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். காயம் எவ்வளவு மேலே, கல்லீரலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? வலது பக்கக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயும் அடிபட்டிருக்கிறதா? இரண்டுமே சிக்கலைக் கூட்டும். அப்புறம், இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற கல்லீரல்-பித்தநாள சர்ஜனிடமே போங்கள், தூரமாக இருந்தாலும் பரவாயில்லை.

காத்திருக்கும் நாட்களில் வீட்டிலும் வேலை இருக்கிறது. பையில் வடிவதைத் தினமும் அளந்து எழுதி வையுங்கள். பித்தநீரோடு உப்பும் தண்ணீரும் வெளியேறுகிறது, அதனால் தலைசுற்றல் இருந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்லுங்கள். பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் வைட்டமின் கே சரியாக உடம்பில் சேராது, ரத்தம் உறையத் தாமதமாகும், எனவே ஆபரேஷனுக்கு முன் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்த்து, தேவைப்பட்டால் ஊசி போடுவார்கள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் தையல் ஆறுவது கடினம். "கல்லீரல் பிரச்னை, பத்தியம்" என்று வெறும் கஞ்சியாகக் கொடுக்கிறோமே, அது வேண்டாம். முட்டை, பருப்பு, மீன் எல்லாம் கொடுக்கலாம், கிட்னி கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும், மாத்திரையை மாற்றி இன்சுலின் தொடங்கினால் தயங்காதீர்கள்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம், பித்தநாளத் தொற்று ரத்தத்தில் பரவ அதிக நேரம் ஆகாது. ஆபரேஷன் முடிந்து வருடங்கள் ஆனபிறகும் இதே எச்சரிக்கைதான். உடம்பு அரித்தாலோ மலம் வெளுத்தாலோ காட்டிவிடுங்கள். காமாலை தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் ஏறத் தொடங்கலாம், அதனால் நன்றாக இருந்தாலும் சில வருடங்களுக்கு ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (நாளம் அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள். வலியே இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: விடவே கூடாது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் பொதுவாக 3 மாதம் போல ஆனாலே அடைக்க ஆரம்பித்துவிடும், அடைத்தால் தொற்றும் காமாலையும் வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் எடுக்கவேண்டிய தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் வைத்த டாக்டருக்கே போன் செய்து கேளுங்கள்.